அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை, சிஓபிடி, பைபாஸ், கிட்னி: எந்தத் தடுப்பூசியை முதலில் போடுவது?

கோவில்பட்டி கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, எடை 58 கிலோ. இருபது வருடமாகச் சர்க்கரை. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 8.1. கிளிமிபிரைடு மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் எடுக்கிறார். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருப்பதால் தினமும் இன்ஹேலர். 2023 பிப்ரவரியில் பைபாஸ் ஆனது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இன்றுவரை தொடர்கின்றன. கிரியேட்டினின் 2.0, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு) 35.

டாக்டர் ஒரே சீட்டில் ஃப்ளூ, நிமோனியா, அக்கி, ஹெபடைடிஸ் பி என்று நான்கையும் எழுதிக் கொடுத்து, "ஒவ்வொன்றாகப் போட்டுவிடுங்கள்" என்றார். கூட்டம் அதிகம், விவரம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. மொத்தத்தையும் ஒரே மாதத்தில் போடப் பணம் பத்தாது. என் சந்தேகங்கள்:

எதை முதலில் போடுவது? பைபாஸ் முடிந்த சமயத்தில் "நிமோனியா ஊசி" ஒன்று போட்டார்கள். அதையே ஐந்து வருடம் கழித்துத் திரும்பப் போடணும் என்று பக்கத்து கிளினிக்கில் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் "புதுசா 20 வந்திருக்கு, அதைப் போடுங்க" என்கிறார்கள். யார் சொல்வது சரி? கிராமத்திலிருந்து 50 கிலோமீட்டர் கூட்டி வரணும், அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று போடலாமா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குக் கையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டாதா? அக்கி ஊசி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அது அவசியம்தானா?

செவிலி மல்லிகா:

கார்த்தி தம்பி, முதல் வேலை, 2023-ல் போட்டது எந்த நிமோனியா ஊசி என்று கண்டுபிடியுங்கள். "நிமோனியா ஊசி" என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு வகைகள் இருக்கின்றன. அடுத்தது எது, எப்போது என்பதெல்லாம் அந்தப் பெயரை வைத்துத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் இருக்காது. மருந்துக்கடை பில்லைப் பாருங்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரி ஃபார்மசியில் ஐபி நம்பர் சொல்லிக் கேளுங்கள். பிரிவெனார் 13 என்றோ நியூமோவேக்ஸ் 23 என்றோ இருக்கும்.

அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஃப்ளூ ஊசியை இந்த வாரமே போட்டுவிடலாம். நான்கில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். காரணம் மாதம். இப்போது ஆவணி. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூ ஏறும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். புரட்டாசி தாண்டிப் போட்டாலும் பலன் உண்டு, ஆனால் பாதி மழைக்காலம் பாதுகாப்பில்லாமல் போய்விடும்.

பைபாஸ் ஆனவருக்கு ஃப்ளூ வெறும் காய்ச்சல் சமாச்சாரம் இல்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2018-ல் காட்டியது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. ஒரு வருடத்துக்குள் மரணமோ மறுபடி மாரடைப்போ ஸ்டென்ட் அடைப்போ வந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.2 சதவீதம். விலை அதிகமில்லாத ஒரு ஊசி இவ்வளவு செய்கிறது என்றால் அதைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையில் போடும் ஊசி மட்டும். மூக்கில் விடும் ஃப்ளூ மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அப்பா மாதிரி ஆட்களுக்கு அது வேண்டாம். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள்: தென் அரைக்கோளம் 2025 அல்லது வட அரைக்கோளம் 2025-26. முட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசிகளில் இந்த 2025 பருவங்கள் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வைரஸ்கள் ஒன்றேதான். அதனால் எது கிடைத்தாலும் சரி, காலாவதித் தேதி மட்டும் பாருங்கள். மூன்று வகை வைரஸுக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்ற குழப்பமும் வரும். நான்காவதான பி யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்று வகை ஊசி என்பதால் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டில் 65 தாண்டியவர்களுக்கு ஹை டோஸ் போடுகிறார்கள், ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 60. அது நல்லதுதான். ஆனால் அதைத் தேடி அலைந்து ஒரு மாதத்தைக் கழிப்பதைவிட, கையில் கிடைக்கும் சாதாரண டோஸை இன்றே போடுவது மேல்.

கோவில்பட்டி கார்த்தி:

நன்றி அக்கா. பில் கிடைத்துவிட்டது. 2023 மார்ச், நியூமோவேக்ஸ் 23. அப்போ கிளினிக்காரர் சொல்வது சரியா?

நெஞ்சக நோய் மாணவன்:

கிளினிக்காரர் சொல்வது பழைய முறை. தவறு என்று தள்ள மாட்டேன், ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது சிறந்த வழி அது இல்லை.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை உண்டு. நியூமோவேக்ஸ் 23-ல் இருப்பது 23 வகை உறைகளின் அந்தச் சர்க்கரை மட்டும். உடம்பின் எதிர்ப்பு செல்களில் பி செல்கள் அதைப் பார்த்து ஆன்டிபாடி உண்டாக்கும், இன்னொரு வகையான டி செல்கள் துணைக்கு வராது. அதனால் நினைவு செல்கள் சரியாக உருவாகாது. சில வருடத்தில் பாதுகாப்பு இறங்கிவிடும். அதையே திரும்பப் போட்டால் இரண்டாம் முறை எதிர்வினை முதல் முறையைவிடக் குறையவும் வாய்ப்பிருக்கிறது.

பிரிவெனார் 13, 20 போன்றவை கான்ஜுகேட் வகை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பார்கள். புரதத்தைப் பார்த்ததும் டி செல்கள் வரும், நினைவு உருவாகும். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் பிரிவெனார் 13-ஐச் சோதித்தார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா 45.6 சதவீதமும், ரத்தத்தில் பரவும் தீவிர நோய் 75 சதவீதமும் குறைந்தன. பிரிவெனார் 20 நம் நாட்டில் பெரியவர்களுக்கு 2025-ல்தான் வந்தது. 13-ல் உள்ளவற்றோடு 8, 10ஏ, 11ஏ, 12எஃப், 15பி, 22எஃப், 33எஃப் ஆகிய ஏழும் சேர்ந்தது.

உங்கள் அப்பாவுக்கு விதி எளிது. முன்பு 23 மட்டும் போட்டிருந்தால், அதிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்து 20 ஒரே ஒரு டோஸ். அவருக்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டது, நாளைக்கே போடலாம். அதோடு நிமோனியா ஊசி கணக்கு முடிந்தது. ஐந்து வருடம் கழித்து மறுபடி 23 தேவையில்லை.

உங்கள் ஊரில் 20 கிடைக்காமல் 13 மட்டும் இருந்தால் 13-ஐப் போடலாம், ஆனால் எல்லோருக்கும் கணக்கு அதோடு முடியாது. கிட்னி செயலிழப்பு உள்ளவர் பழைய 23-ஐ 65 வயதுக்கு முன்பு போட்டிருந்தால், 13 போட்டுக் குறைந்தது எட்டு வாரமும், பழைய 23-லிருந்து ஐந்து வருடமும் கழிந்த பிறகு இன்னொரு 23 வேண்டியிருக்கும்; உங்கள் அப்பா 65 தாண்டிய பிறகே போட்டிருப்பதால் அவருக்கு அது தேவைப்படாது. இந்த இரட்டைக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு டோஸை மறந்துவிடுவார்கள், அல்லது நாள் பார்க்காமல் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். திருநெல்வேலி, மதுரை பக்கம் நான்கு இடத்தில் போன் போட்டு 20-ஐயே வரவழைக்கப் பாருங்கள்.

இதுவரை ஒன்றுமே போடாதவர் யாராவது இதைப் படித்தால்: 20 ஒரு டோஸ் போதும். 13-ல் தொடங்கினால் ஒரு வருடம் கழித்து 23. நோய் எதிர்ப்பு குறைந்தவர், கிட்னி செயலிழப்பு உள்ளவர் என்றால் எட்டு வாரத்திலேயே போடலாம். 23-ஐ முதலில் போட்டுவிட்டால் கான்ஜுகேட்டுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் கான்ஜுகேட் முதலில் வரவேண்டும் என்கிறோம்.

மருந்துக்கடை சாமி:

ஊசியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அது கைக்கு வந்து சேரும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 50 கிலோமீட்டர் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

இந்த ஊசிகள் எல்லாமே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். வெயிலில் சூடாவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். நிஜத்தில் அதைவிட மோசம் உறைந்துபோவது. பிரிவெனாரிலும் ஹெபடைடிஸ் பி-யிலும் அலுமினியச் சேர்மம் உண்டு. உறைந்தால் அது திரிந்து கட்டியாகிவிடும், மறுபடி உருகினாலும் பழைய நிலைக்கு வராது. கடைக்காரர் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, ஊசிப் பெட்டியை அதன்மேலேயே ஒட்டி வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அக்கறையாகத்தான் செய்கிறார். ஆனால் போகும் வழியிலேயே மருந்து உறைந்துவிடலாம். வெளியே பார்த்தால் தெரியாது. போட்டுக்கொண்டவருக்குப் பாதுகாப்பு இருக்காது, கை வலி மட்டும் இருக்கும்.

முடிந்தால் ஊசியைத் தானே ஸ்டாக் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கித்தான் போகணும் என்றால், ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் அளவுக்கு இளக விடுங்கள். அதைச் செய்தித்தாளில் சுற்றி, ஊசிப் பெட்டி நேரடியாகத் தொடாமல், தெர்மாகோல் டப்பாவில் வையுங்கள். போடும் நாளன்றே வாங்குங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க நேர்ந்தால் நடுத்தட்டில். கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம். கடையில் ஃப்ரிட்ஜைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெப்பமானி இருக்கிறதா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. கோபித்துக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள்.

போடும்போது பெட்டியைப் போட்டோ எடுத்து வையுங்கள்: பெயர், பேட்ச் எண், காலாவதி. இப்போது பில்லைத் தேடி எடுத்த மாதிரி இன்னும் ஐந்து வருடத்தில் தேட வேண்டாம்.

செவிலி மல்லிகா:

சாமி அண்ணன் சொன்ன ஐஸ் விஷயத்தை எல்லோரும் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கலாம்.

ரத்தம் கட்டும் பயத்துக்கு வருகிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எதையும் நிறுத்த வேண்டாம். பைபாஸ் ஆனவர் ஊசிக்காக மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, போட்டு எடுத்ததும் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கணும். தேய்க்கக் கூடாது. நம் ஆட்கள் பழக்கத்தில் உடனே தேய்ப்பார்கள், அதில்தான் ரத்தம் கட்டுகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார்ஃபாரின் எடுப்பவர்கள் சமீபத்திய ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) எல்லைக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு இதே மாதிரி போடலாம்.

58 கிலோ என்றால் மெலிந்த கை. தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, அக்குள் மடிப்பின் மட்டத்துக்கு மேலே, டெல்டாய்டு தசையின் தடித்த நடுப்பகுதியில் போடணும். சட்டையைக் கழற்றாமல் கழுத்துப் பக்கத்தை இழுத்துவிட்டுப் போடுவார்கள். அப்போது ஊசி மேலே ஏறி மூட்டுப் பையில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் தோளைத் தூக்க முடியாத வலி வரும். சட்டையைக் கழற்றி, உட்கார்ந்த நிலையில், போடுபவரும் உட்கார்ந்து போட்டால் இடம் சரியாக வரும். ஹெபடைடிஸ் பி ஊசியை இடுப்பில் போடச் சம்மதிக்காதீர்கள். கொழுப்பில் இறங்கினால் வேலை செய்யாது.

ஃப்ளூவையும் பிரிவெனார் 20-ஐயும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம். கிராமத்திலிருந்து வருவதால் அதைத்தான் செய்யச் சொல்வேன். முடிந்ததும் 15 நிமிடம் அங்கேயே உட்காரட்டும்.

சளி, லேசான இருமல் இருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. சிஓபிடி கிளம்பி மூச்சு வாங்கி, நெபுலைசரும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் அது அடங்கிய பிறகு போடுங்கள்.

டயாலிசிஸ் டெக்னீசியன் (தஞ்சை):

ஹெபடைடிஸ் பி-யைக் கடைசியில் தள்ளிவிடாதீர்கள் சார். எல்லோரும் அதை "பிறகு பார்க்கலாம்" பட்டியலில்தான் வைக்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர் 35 என்றால் டயாலிசிஸ் இன்னும் தூரம், வராமலே கூடப் போகலாம். ஆனால் கிட்னி இறங்க இறங்க இந்த ஊசிக்கு உடம்பு பதில் சொல்வதும் குறையும். டயாலிசிஸில் உட்கார்ந்த பிறகு போட்டுப் பலன் வராதவர்கள் எத்தனையோ பேர். 71 வயது, சர்க்கரை இரண்டும் ஏற்கெனவே அந்தப் பதிலைக் குறைக்கும். அதனால் இப்போதே தொடங்குவதுதான் புத்தி.

முதலில் ரத்தப் பரிசோதனை: எச்பிஎஸ் ஆன்டிஜென் (இப்போது தொற்று உண்டா), ஆன்டி எச்பிஎஸ் (எதிர்ப்பு உண்டா), ஆன்டி எச்பிசி டோட்டல் (எப்போதாவது தொற்று வந்ததா). ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் ஊசியே வேண்டாம், நோய் இருந்தால் வழியே வேறு. மூன்றும் நெகட்டிவ் என்றால்தான் ஊசி. கிட்னி நோயாளிகளுக்குப் பல நெஃப்ராலஜி டாக்டர்கள் டயாலிசிஸுக்கு முன்பே இரட்டை டோஸ் எழுதுவார்கள். அதாவது 20 மைக்ரோகிராம் பெரியவர் டோஸ் இரண்டு, மொத்தம் 40, தொடங்கும் நாள், 1-ம் மாதம், 2-ம் மாதம், 6-ம் மாதம் என்று நான்கு முறை. சீட்டில் "ஹெபடைடிஸ் பி" என்று மட்டும் எழுதியிருந்தால் கடையில் ஒற்றை டோஸ்தான் கொடுப்பார்கள். 20-ஆ 40-ஆ, மூன்று முறையா நான்கு முறையா என்று எழுதியே வாங்குங்கள்.

கடைசி டோஸ் முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்பிஎஸ் அளவு பார்க்கணும். 10-க்கு மேல் இருந்தால் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. இந்தப் பரிசோதனையை விட்டுவிட்டால் ஊசி வேலை செய்ததா என்றே தெரியாது. நான்கு ஊசியில் ஹெபடைடிஸ் பி-யின் விலைதான் மிகக் குறைவு, பட்ஜெட்டைப் பெரிதாகத் தொடாது.

நெஞ்சக நோய் மாணவன்:

மேலே சொன்னதை ஏற்கிறேன், நான் இதை விட்டுவிட்டேன். அக்கி ஊசிக்கு வருகிறேன், கார்த்தி கேட்டதில் கடினமான கேள்வி அதுதான்.

அக்கி ஊசியான ஷிங்ரிக்ஸ் 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு டோஸ், சேர்த்தால் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பெரும்பாலான காப்பீடுகள் தராது. பலன் எவ்வளவு என்றால், 70 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில் அக்கி வருவதை ஏறத்தாழ 90 சதவீதம் தடுத்தது. அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலியையும் கிட்டத்தட்ட அதே அளவு தடுத்தது. அந்த வலியைக் குறைக்கக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். ஈஜிஎஃப்ஆர் 35-ல் டோஸைக் குறைக்கணும், குறைத்தாலும் தலைசுற்றி விழும் பயம் உண்டு. அக்கிக்கான ஆசைக்ளோவிருக்கும் கிட்னி கணக்குப் பார்க்கணும். வந்தபின் வைத்தியம் பார்க்க அப்பாவுக்கு வழி குறைவு, அதனால் இவருக்கு இந்த ஊசியின் மதிப்பு கூடுதல். என் கருத்து: அவசியம் போடுங்கள், ஆனால் ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் மூன்றும் முடிந்த பிறகு. உயிருக்கு உடனடி ஆபத்து நுரையீரல், இதயப் பக்கம்தான். பணம் சேர்க்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

இதை மற்ற ஊசிகளோடு ஒரே நாளில் போடத் தடை இல்லை. ஆனாலும் தனியாகப் போடச் சொல்வேன். பலருக்கு மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி, குளிர் வரும், ஆறில் ஒருவருக்கு அன்றாட வேலை முடங்கும் அளவுக்கு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். இங்கேதான் அப்பாவுக்கு மூன்று கண்ணி இருக்கிறது.

ஒன்று, வலிக்கு வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக்கையோ இபுப்ரூஃபெனையோ கொடுத்துவிடுவார்கள். இந்தக் கிட்னிக்கும், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் ஓடும் வயிற்றுக்கும் அது ஆகாது. பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் அதிகபட்சம் நான்கு. ஊசிக்கு முன்பே போட வேண்டாம், காய்ச்சல் வந்தால் மட்டும்.

இரண்டு, சாப்பிட முடியாமல் படுத்துவிட்டு கிளிமிபிரைடையும் இன்சுலினையும் வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். கிட்னி குறைந்தவருக்கு அந்த மாத்திரையின் விளைவு உடம்பில் அதிக நேரம் நீடிக்கலாம். ஊசி போடும் முன்பே, சாப்பிடாத நாளில் எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு நாள் குளுக்கோமீட்டரில் நான்கு வேளையும் பாருங்கள்.

மூன்று, கலக்கும் விதம். ஷிங்ரிக்ஸ் பெட்டியில் இரண்டு குப்பி இருக்கும், ஒன்றில் பவுடர், ஒன்றில் திரவம். திரவம் வெறும் தண்ணீர் இல்லை, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள். அதை முழுவதுமாகப் பவுடர் குப்பியில் விட்டு, கரைந்ததும் 0.5 மில்லி எடுத்துத் தசையில் போடணும். திரவத்தை மட்டும் போட்டுவிட்டுப் பவுடரைத் தூக்கிப்போட்ட தவறு வெளிநாடுகளிலேயே பதிவாகியிருக்கிறது. அது டோஸ் கணக்கில் வராது. உங்கள் கண் முன்னால் கலக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்காக (சேலம்):

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா 66, முடக்குவாதத்துக்கு வாரம் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட். அடங்காததால் ரிட்டுக்சிமாப் தொடங்கலாம் என்கிறார்கள். இதே வரிசை பொருந்துமா? கடையில் அக்கிக்கு என்று சின்னம்மை ஊசியைக் காட்டினார்கள், விலை ரொம்பக் குறைவு.

நெஞ்சக நோய் மாணவன்:

அந்தச் சின்னம்மை ஊசியை வாங்காதீர்கள். அது உயிருள்ள வைரஸ். மெத்தோட்ரெக்சேட்டும் ரிட்டுக்சிமாபும் எடுக்கும் ஒருவருக்கு அது நோயையே கொண்டுவரலாம். அதிலுள்ள அளவும் அக்கியைத் தடுக்க வடிவமைத்ததில்லை. அக்கிக்கு ஷிங்ரிக்ஸ்தான். அதில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை.

உங்களுக்கு வரிசையைவிட நேரம்தான் முக்கியம். ரிட்டுக்சிமாப் பி செல்களை அழிக்கும், ஊசிக்கு ஆன்டிபாடி உண்டாக்க வேண்டியதும் அந்த செல்களே. முதல் ரிட்டுக்சிமாபுக்குக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் முன்பே போட வேண்டியதைப் போட்டு முடியுங்கள். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் இரண்டு டோஸையும் ஒன்று முதல் இரண்டு மாத இடைவெளியில் முடிக்கலாம். அதற்காக ரிட்டுக்சிமாபைத் தள்ளலாமா என்பதை மூட்டு டாக்டர்தான் முடிவு செய்யணும். மூட்டு வேகமாக அழிந்துகொண்டிருந்தால் அவர் காத்திருக்க மாட்டார், அது நியாயம்தான். ரிட்டுக்சிமாப் தொடங்கிவிட்டால், ஊசிகளை அடுத்த சுற்று வரும் சமயத்தில் போட்டு, அந்தச் சுற்றை இரண்டு வாரம் தள்ளுவது வழக்கம். ஃப்ளூவுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட்டை ஃப்ளூ ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் நிறுத்தினால் எதிர்ப்பு நன்றாக வரும் என்று அமெரிக்க ருமடாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டல் சொல்கிறது, நோய் அடக்கமாக இருந்தால் மட்டும். உங்கள் அம்மாவுக்கு அடங்கவில்லை என்கிறீர்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மற்ற ஊசிகளுக்கு நிறுத்தவே வேண்டாம்.

இன்னொன்று மிக முக்கியம். ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், ஆன்டி எச்பிசியும் சேர்த்து. பழைய தொற்று ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிக் கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். எச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்துவிட்டு "நெகட்டிவ்" என்று சொன்னால் போதாது.

லண்டன் வள்ளி:

ஆர்எஸ்வி (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) ஊசியை யாரும் சொல்லவில்லை. இங்கே 2024 செப்டம்பரிலிருந்து 75 வயது ஆகும்போது இலவசமாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 75-க்கு மேல் எல்லோருக்கும், அதற்குக் கீழே சிஓபிடி, இதய நோய் உள்ளவர்களுக்கும் பரிந்துரை உண்டு. ஃப்ளூ மாதிரி வருடா வருடம் இல்லை, இப்போதைக்கு ஒரே டோஸ்.

நெஞ்சக நோய் மாணவன்:

உண்மை. கார்த்தியின் அப்பா அந்தக் குழுவில் வருவார். நுரையீரல் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், உங்கள் பக்கம் கிடைத்தால் ஷிங்ரிக்ஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியில் ஒரு தடவையை டிடாப்பாக மாற்றினால் கக்குவான் இருமலுக்கும் பாதுகாப்பு வரும். சிஓபிடிக்கு அது நல்லது, அவசரம் இல்லை.

கோவில்பட்டி கார்த்தி:

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். இந்த சனிக்கிழமை ஃப்ளூ ஒரு கை, பிரிவெனார் 20 இன்னொரு கை, அன்றே ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் இரண்டு வாரத்தில் முதல் டோஸ், டாக்டரிடம் 40 என்று எழுதி வாங்கி. தீபாவளி போனஸ் வந்ததும் ஷிங்ரிக்ஸ் முதல் டோஸ், இரண்டு மாதத்தில் அடுத்தது. வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகளும் ஃப்ளூ போட்டுக்கொள்கிறோம்.

செவிலி மல்லிகா:

சரியாக இருக்கிறது தம்பி. தீபாவளிக்கு ஷிங்ரிக்ஸ் போட்டால் மறுநாள் காய்ச்சலோடு பண்டிகை பார்ப்பார், பண்டிகை முடிந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஹெபடைடிஸ் பி இரண்டாவது டோஸும் பக்கத்தில் வரும். அதை ஒரு வாரம் தள்ளி வைத்தால் எந்த ஊசிக்குக் காய்ச்சல் என்று குழப்பம் வராது. ஷிங்ரிக்ஸ் இரண்டாவது டோஸுக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை நேரம் இருக்கிறது. பணம் புரளாமல் ஆறு மாதம் தாண்டிப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து இரண்டாவதைப் போட்டால் போதும். ஹெபடைடிஸ் பி-க்கும் அதே விதிதான்.

மருந்துக்கடை சாமி:

சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே கடைக்குப் போன் பண்ணி 20 இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு அப்பாவைக் கிளப்புங்கள். பெட்டியில் பெயருக்குப் பக்கத்தில் 13 என்றா 20 என்றா என்று பணம் கொடுக்கும் முன் நீங்களே படித்துப் பாருங்கள், பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாறிப்போகலாம்.